கத்திரி வெயிலில் சென்சார் சோதனை: பாலக்கோடு குறிப்புகள்

மே 4

கத்திரி பிறந்துவிட்டது. காலையிலேயே பட்டுப்புழு வளர்க்கும் அக்காவிடமிருந்து போன். புழு வளர்ப்பு மனையில் மாட்டிய வெப்பநிலை சென்சார் மதியமானால் 38 டிகிரி காட்டுகிறதாம், அலாரம் ஓயவே மாட்டேன் என்கிறதாம். "தம்பி, புழு நல்லாத்தான் எலை திங்குது. மீட்டர நம்பறதா, புழுவ நம்பறதா?"

புழு கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் இருக்கிறது. 24, 25 டிகிரிதான் அதற்குச் சுகம். சூடு கூடினால் தீனி குறையும், கூடு இளைக்கும். இல்லாத சூட்டுக்குப் பயந்து சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தால் ஈரப்பதம் ஏறி நோய் பிடிக்கும். எந்தப் பக்கம் தவறினாலும் நஷ்டம் அக்காவுக்குத்தான்.

மே 5

முதலில் என்னிடமுள்ள சென்சார்களுக்குப் பனிக்கட்டிச் சோதனை, அதில் பூஜ்யம் காட்ட வேண்டும். நன்றாக நொறுக்கி ஃபிளாஸ்க்கில் அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். எஃகுக் குழாய்க்குள் இருக்கும் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார்களை அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் இறக்கினேன். 0.2, 0.3 என்று நின்றன. கம்பெனி சொல்வதே ±0.5 டிகிரி, ஆகவே குறையில்லை.

ஆனால் பூஜ்யத்தில் சரியாக இருப்பது 45-இல் சரியாக இருக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. கொதிநீரில் வைத்து 100-க்குத் திருத்துகிறவர்கள் உண்டு. தருமபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 100 என்று திருத்தினால் ஒன்றரை டிகிரி பிழையை நாமே ஏற்றிவிடுகிறோம். அதனால் வெந்நீரை 50-லிருந்து 35 வரை மெல்ல ஆறவிட்டு, பாதரச வெப்பமானியோடு ஒப்பிட்டேன். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. எல்லாம் அரை டிகிரிக்குள் ஒத்துப்போயின.

மே 7

ஃபிளாஸ்க்கில் ஒற்றுமையாக இருந்தவை மொட்டை மாடியில் பிரிந்துவிட்டன. நேர்வெயிலில் வைத்தது 47, நிழலில் தொங்கியது 39. இரண்டுமே பழுதில்லை. வெயிலில் இருப்பது காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, வெயிலை வாங்கித் தான் காய்ந்த சூட்டைச் சொல்கிறது. வானிலை நிலையங்களில் இருக்கும், காற்று புக இடுக்கு விட்ட வெள்ளைப் பெட்டி இதற்காகத்தான். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் பெயரில் வழங்கும் அந்தப் பெட்டிக்கு நம் பக்கம் கதவு வடக்கே இருக்க வேண்டும், உள்ளே வெயில் விழக் கூடாது. நான் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் சென்சாரை வைத்தேன். நிழலின் அளவுக்கு ஒரு டிகிரி பக்கத்தில் வந்துவிட்டது. காற்று அடித்தால் இன்னும் நெருங்குகிறது.

மே 9

அக்கா வீட்டு மனை. சென்சார் சிமென்ட் சீட்டுக் கூரைக்கு ஒரு சாண் கீழே குழாயில் கட்டியிருந்தது! சீட்டின் அனல் முழுக்க அதன் தலையில். பக்கத்தில் போய்ப் பார்த்தால் டிஹெச்டி22 என்ற அந்த வெப்ப, ஈரப்பத சென்சாரின் சன்னச் சன்னத் துளைகளில் சுண்ணாம்புத் தூள். புழு தோலுரிக்கும்போது படுக்கையில் தூவுவது பறந்து அடைத்திருக்கிறது. மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, புழுத் தாங்கியின் நடுத்தட்டு உயரத்தில், சுவரை விட்டு விலக்கிக் கட்டினேன். கால் மணி நேரத்தில் 31. பக்கத்தில் தொங்கவிட்ட பாதரசமும் அதையே சொன்னது.

31-ம் புழுவுக்கு அதிகம்தான். ஆனால் அது நிஜமான 31. அக்கா ஜன்னல் பக்கத்துச் சாக்குகளை மட்டும் நனைத்து, எதிர்ப்பக்கம் மின்விசிறி போட்டார்.

மே 12

மதியம் கரண்ட் போய் வந்ததும் இன்னொரு மனையிலிருந்து 85 டிகிரி என்று செய்தி. டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் வந்தவுடன், முதல் அளவு எடுப்பதற்கு முன் கேட்டால், 85 என்றுதான் பதில் வரும். அதன் தொடக்க மதிப்பே அது. கோடை மின்வெட்டில் இது அலாரத்தைக் கிளப்பாமல் என்ன செய்யும்? சென்சாரைப் படிக்கும் போர்டு உயிர் பெற்றதும் வரும் முதல் வாசிப்பைத் தள்ளிவிடும்படி அதன் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். நாளை அக்காவின் போர்டிலும் அதை ஏற்றிவிட்டு, கூரைக்கு வெள்ளை அடிக்க என்ன செலவாகும் என்று விசாரிக்க வேண்டும்.