பனைக்குளத்துக்கு வாழ வந்தேன், அசதியும் கூடவே வந்தது

பினாங்கிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஆளாளுக்கு வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். வெயில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, பினாங்கிலும் வருஷம் முழுக்கப் புழுக்கம்தான். விசா, பதிவு, முகவரிச் சான்று என்று அலைந்தது எல்லாருக்கும் உள்ளது. இந்தியக் குடிமகனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரிக்கு, பதிவு செய்த திருமணம் இரண்டு வருஷம் நிலைத்திருந்தால்தான் விசா இல்லாமலே இங்கே தங்க விடும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கவே முடியும், அதுவரை விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதுவும் போகப் போகப் பழகிவிட்டது. பழகாமல் ஒட்டிக்கொண்டது அசதி ஒன்றுதான்.

வேலை செய்து வருகிற களைப்பு இல்லை இது. சுபுஹு தொழுது முடித்த கையோடு மறுபடி படுக்கச் சொல்லும். மாடியில் காயும் துணியை எடுத்து வருவதற்குள் படியில் உட்கார்ந்துவிடுவேன், நெஞ்சு படபடவென்று அடிக்கும். தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தது. வயிறு வேறு எந்நேரமும் ஊதிக்கொண்டு, வெளிக்குப் போவதே பெரும்பாடு.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமி கண்ணேறு என்று ஓதித் தண்ணீர் கொடுத்தார். பினாங்கிலிருந்து உம்மா, "ஊர் நெனப்புதான் புள்ளே, வேற என்ன" என்றார். பக்கத்து வீட்டு லாத்தா மட்டும், "தண்ணி மாறுனா அப்படித்தாம்மா" என்றார். ராமநாதபுரத்தில் ஒரு கிளினிக்கில் ஒன்றும் கேட்காமல் குளுக்கோஸ் ஏற்றி, டானிக் ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இந்த டிரிப் மோகம் இங்கே எல்லா ஊரிலும் இருக்கிறது, ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸில் இருப்பது மொத்தம் 25 கிராம் சர்க்கரை. அந்தத் தெம்பு பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது.

லாத்தா சொன்னதில்தான் கொஞ்சம் விஷயம் இருந்தது. இந்தக் கரையோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வர வேண்டும், வராத நாளில் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த ருசி என் நாக்குக்கு ஒட்டவில்லை. அதனால் தண்ணீர் குறைந்து, தாகத்துக்கும் தேத்தண்ணி, பசிக்கும் தேத்தண்ணி என்றாகிவிட்டது, அதுவும் கன்டென்ஸ்ட் மில்க் ஊற்றி பினாங்குக் கடைப் பக்குவத்தில். பசியாறும்போது ஒன்று, பகல் சோறு தின்ற கையோடு ஒன்று, அஸருக்குப் பிறகு ஒன்று, ராத்திரி புரோட்டாவுக்குத் துணையாக ஒன்று. மீனும் கீரையும் வீட்டில் இல்லாமல் இல்லை, நான்தான் ஆணத்தில் சோற்றைப் பிசைந்து நாலு வாய் தின்றுவிட்டு தேத்தண்ணிக்குப் போய்விடுவேன்.

கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவு, அடிமட்டத்தில் கிடந்தது. தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. அறிக்கையைப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது மாதவிடாய் எவ்வளவு போகிறது என்று, இரண்டாவது சாப்பாட்டோடு டீ குடிப்பாயா என்று. தேயிலையில் இருக்கும் துவர்ப்பு, கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், சாப்பாட்டோடு குடித்தால் உடம்பு எடுத்துக்கொள்வதில் பாதிக்கும் மேல் போய்விடும் என்றார். பாலில் உள்ள கால்சியமும் அதே வேலையைச் செய்யுமாம். என்னுடையது இரண்டும் சேர்ந்த பானம்!

இரும்பு மாத்திரை கொடுத்தார், தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு நன்றாகவே எடுத்துக்கொள்ளும், வயிற்றையும் அவ்வளவாகப் படுத்தாது என்று. பூச்சி மாத்திரையும் கொடுத்தார், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். மணலில் செருப்பில்லாமல் நடக்கிற ஊரில் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்ச வழி உண்டு. குடல் நலம் என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் விலை உயர்ந்த பொடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இந்தச் சில ரூபாய் மாத்திரையை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. மச்சான்கூட ஆன்லைனில் குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று விற்கும் ஒரு ப்ரோபயாடிக் டப்பா வாங்கிப் போட்டார், அது அலமாரியில் அப்படியே இருக்கிறது.

தேத்தண்ணியை விடவில்லை, விடவும் முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். பகல் சோற்றுக்குப் பின்னால் வரும் அந்தக் கோப்பையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு. அதில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும் என்பதால் முருங்கைக்கீரையை இறக்கிய பிறகும் எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன், மாமிக்கு இது பிடிக்கவே பிடிக்காது. சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, மாமியே வாங்கி வரச் சொல்லி, மிளகு போட்டு வறுத்து என் தட்டில் வைத்தார், "ரத்தம் ஊற இதுதான்" என்று. கறியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கமிருந்து சூடை மீன் வரும், விலை மலிவு, பொடி மீன் என்று சிலர் மதிக்காதது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், சந்தையில் பெரிய மீன் குறைந்துவிடும். அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருவதையும் கருவாட்டையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

வயிற்றுக்கு நான் செய்தது இன்னும் சாதாரணம். ராத்திரிப் புரோட்டாவைக் குறைத்து காலையில் பழைய சோற்றுக்கு மாறினேன். பினாங்கில் என் பெத்தாம்மா தவிர யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. வடித்த புழுங்கலரிசிச் சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால், இந்த ஊர்ச் சூட்டுக்கு விடிவதற்குள் நுரைத்துப் புளித்திருக்கும், இன்னும் கொஞ்சம் விட்டால் வாய் வைக்க முடியாது. புளிக்க வைப்பவை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் வரை போகும், அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தரும், குடல்சுவரின் செல்களுக்கு அதுதான் தீனி. கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயமும் அதே நுண்ணுயிர்களுக்கு உணவு. அதற்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நம்பாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக இரும்பு இருபது மடங்காகிவிடுமாம். புளித்தால் இரும்பு முளைக்காது, இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் வழிவிடும். இந்த ஹீமோகுளோபினைப் பழைய சோறு மட்டும் ஏற்றியிருக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரைதான் ஏற்றியது. வயிற்றைச் சரிசெய்ததில்தான் சோற்றுக்குப் பங்கு.

அப்புறம் நார்ச்சத்து. பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், புரோட்டாவும் வெள்ளைச் சோறும் தின்கிறவர்களுக்கு அது எங்கே வரும்? இங்கே பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு மலிந்து கிடக்கும், கேப்பைக் கூழ் இருக்கிறது, அவரை, கொத்தவரை இருக்கிறது. ஆனால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் வயிறு முன்னைவிட ஊதும், குடலுக்குப் பழக அவகாசம் வேண்டும், தண்ணீரும் கூடவே போக வேண்டும். குடிநீர் ருசிக்கு நான் கண்ட வழி, பானையில் ஊற்றி வெட்டிவேர் போட்டு வைப்பது.

எனக்கு இங்கே ரொம்பப் பிடித்துப்போனது கடல்பாசி. பினாங்கில் அகர்-அகர் என்று கலர் கலராகத் தின்று வளர்ந்தவள் நான், அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறார்கள், அவற்றிலிருந்துதான் அகர் எடுப்பது. பாறையில் காலும் கையும் கிழிய எடுப்பதற்கு அவர்கள் கைக்கு வரும் காசு மிகக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அகரும் செரிக்காத நார்தான். நோன்பு திறக்கும்போது இங்கே கஞ்சிக்கும் வடைக்கும் பிறகு கடல்பாசி வைப்பார்கள், நான் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சினேன், சர்க்கரையை மட்டும் குறைத்தேன். பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டார்கள்.

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. ஏறிய பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. மாடிப்படியில் இப்போது உட்காருவதில்லை. பகலில் தூக்கம் வருகிறது, அது சோறு தின்ற எல்லாருக்கும் வருவதுதான்.

இதைப் பார்த்துவிட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், கால் மரத்துப்போகிறது, அசதியாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார், எல்லாரும் வயசு என்று விட்டுவிட்டோம். அந்த மருந்து நாள்பட்டால் பி12 சத்தைக் குறைக்கும். சோதித்ததில் மாமிக்குக் குறைவாகத்தான் இருந்தது. இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் எனக்கு ஓதித் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தவில்லை, நானும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.