தண்ணீருக்குள் தலைகீழாக: ஹூயட் பயிற்சி அனுபவம்

கடலுக்குள் இருக்கும் எண்ணெய் ரிக்கில் (எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில்) வேலை என்றால் பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் போய்வர வேண்டும். அதில் ஏற 'ஹூயட்' சான்றிதழ் கேட்பார்கள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்து மூழ்கினால் உள்ளேயிருந்து தப்பி வருவதற்கான பயிற்சி அது. மும்பையில் வேலை உறுதியானதும் என்னையும் அனுப்பினார்கள்.

பயிற்சியாளர் கடற்படை ஹெலிகாப்டர்களில் தேடல், மீட்புப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெலிகாப்டர் ஏன் கவிழ்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். எஞ்சின், கியர்பாக்ஸ், விசிறி எல்லாமே தலைக்கு மேலே. தண்ணீரில் இறங்கியதும் மேல்பாரம் இழுத்துப் புரட்டிவிடும். மிதவைப் பைகள் உண்டு, ஆனால் அலை பெரிதாக இருந்தால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்கு இதே வித்தையைப் பழக்கியதாம். காக்பிட் மாதிரி ஒரு கூட்டில் ஆளைக் கட்டி, தண்டவாளத்தில் சறுக்கவிட்டு நீச்சல் குளத்துக்குள் கவிழ்ப்பார்கள். அதற்கு 'டில்பர்ட் டங்கர்' என்று பெயர்.

மதியம் எங்கள் முறை. ஹெலிகாப்டரின் உட்புறம் மாதிரி செய்த கூண்டில் எங்களை உட்காரவைத்துக் கட்டினார்கள். அது மெதுவாகக் குளத்துக்குள் இறங்கியது. ஒரு கை ஜன்னல் விளிம்பில், மறு கை பெல்ட் பக்கிளில். தண்ணீர் மார்புக்கு வந்ததும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அடுத்த நொடி கூண்டு புரளும். மூக்கு வழியாக ஏறும் குளோரின் தண்ணீர் மண்டைக்குள் சுரீரென்று இறங்கும். மேல் எது, கீழ் எது என்றே புரியாது. ஆனால் வலப்பக்க ஜன்னல் தலைகீழானாலும் வலப்பக்கமே இருக்கிறது. பிடித்த கையை விடாதவனுக்கு வழி தெரியும்.

கஷ்டமானது காத்திருப்பதுதான். கூண்டு அசைவு நிற்கும்வரை எதையும் தொடக்கூடாது. அப்புறம் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு, கடைசியாகத்தான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். உடம்போ முதலில் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லிக் கதறும். அவிழ்த்துவிட்டால் மிதக்க ஆரம்பித்துவிடுவோம். ஜன்னலைத் தள்ளினால் ஜன்னல் நகராது, நாம்தான் பின்னால் போவோம். லைஃப் ஜாக்கெட்டையும் உள்ளே ஊதக்கூடாது. ஊதினால் மேலே தூக்கிக்கொண்டு போய் ஒட்டவைத்துவிடும், நீந்தி வெளியே வர முடியாது. எங்கள் குழுவில் ஒருவருக்குப் பதற்றத்தில் பக்கிளே கைக்கு அகப்படவில்லை. பக்கத்திலேயே இருந்த டைவர் வெளியே இழுத்துவிட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவரே மறுபடி போய்ச் செய்தார்.

டீ இடைவேளையில் போர்பந்தர் விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2024 செப்டம்பர் 2 இரவு, ஒரு டேங்கர் கப்பலில் காயம்பட்டவரை மீட்கப் போன கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. நால்வரில் ஒருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டார். 2022 ஜூன் 28-இல் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் எங்களைப் போன்ற ரிக் ஆட்களை ஏற்றிப்போன ஹெலிகாப்டரும் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் நான்கு பேர் இறந்தார்கள். பயிற்சியாளர் அதிகம் பேசவில்லை. "வானிலை மோசம்னா உங்க ஃப்ளைட்டை கேன்சல் பண்ணிடுவாங்க தம்பி, எங்களை அப்பதான் கூப்பிடுவாங்க" என்றார், அவ்வளவுதான். நாங்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தாண்டும் இந்தக் குளம் அவரைப் போன்ற மீட்புப் பணியாளர்களுக்குத் தொழிலின் ஒரு பாகம்.

சரி, போகப் போகிறவர்களுக்கு: காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சளியோ காதுவலியோ இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். நீச்சல் சுமாராகத்தான் வரும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். முடித்த பிறகும் சாயங்காலம் வரை மூக்கிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.