கடலைப் புண்ணாக்கைச் சோதனைக்கு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு, எங்கள் ஊர்ப் பாலை வாங்கும் தனியார் நிறுவனம் "அஃப்ளடாக்சின் எம்1 (பாலில் வரும் பூஞ்சை நஞ்சு) அதிகம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டது. எல்லார் பாலும் ஒரே குளிரூட்டும் தொட்டியில்தான் விழுகிறது. யார் வீட்டு மாட்டால் வந்தது என்று எப்படிச் சொல்வது? கடலைப் புண்ணாக்கு அதிகம் வைப்பவன் நான் என்பதால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கறந்த பாலைத் தென்னைக்கு ஊற்றிய ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சேகரிப்பு மையத்தில் இருந்தவர் சொன்ன பதில் அதைவிட மோசம். "காய்ச்சித்தானுங்க குடிக்கறாங்க, என்ன ஆயிடப் போவுது?" காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் இந்த நஞ்சு அழியாது. தீவனத்தில் வளரும் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் பி1 நஞ்சை மாட்டின் ஈரல் எம்1 ஆக மாற்றுகிறது. தின்ற ஒரு நாளுக்குள் அது பாலில் வந்துவிடும். தின்றதில் பொதுவாக 1 முதல் 2 சதவீதம், நிறையக் கறக்கும் மாடென்றால் 6 சதவீதம் வரைகூட இறங்கும். பாலில் அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். பச்சைக் குழந்தைகள் குடிக்கும் பால் இது. பனீர் ஆக்கினால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் செறிவாகிவிடும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆய்வில் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 இந்த அளவைத் தாண்டின. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த மையத்துச் சுவரில் இதை எழுதி ஒட்ட வேண்டும்.

மையத்திலிருந்து ஆள் வந்து என் புண்ணாக்கின் மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி, பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு போனார். முடிவு: "நஞ்சு இல்லை." பாலோ மறுபடி திரும்பியது. பிறகுதான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் விசாரித்தேன். இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாக இருக்காது. ஒரு மூலையில் குவிந்திருக்கும், பக்கத்தில் சுத்தமாக இருக்கும். ஒரு கைப்பிடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, பொடித்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்துக் குறைத்து அனுப்பினேன். ஈரச் சரக்கைப் பாலிதீனில் கட்டினால் வழியிலேயே பூஞ்சை ஏறும். நன்றாக உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பாதி மாதிரியைக் கையொப்பத்தோடு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டைக்கு உதவும்.

இந்தமுறை முடிவு வந்தது. கலப்புத் தீவனத்துக்கே பி1 வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். என் புண்ணாக்கு அதைப் பலமடங்கு தாண்டியிருந்தது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது, அதனால் கெட்ட கடலையை ஆட்டினால் நமக்கு வந்து சேர்வது இதுதான்.

வியாபாரியிடம் போனால், "வெயில்ல காயப்போட்டு வையுங்க, வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். காயவைத்தால் பூஞ்சை வளராது, ஏற்கெனவே ஊறிய நஞ்சு எங்கும் போகாது. கண்ணுக்குப் பூசணமே தெரியாத புண்ணாக்கிலும் இருக்கும். வாங்கிய தேதியும் மூட்டைக் குறியீடும் போட்ட பில் கையில் இருந்ததால்தான் மீதி மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். துண்டுச் சீட்டில் வாங்குகிறவர்களுக்கு அதுவும் கிடைக்காது.

அந்தப் புண்ணாக்கை நிறுத்திய சில நாளிலேயே பாலில் அளவு இறங்கிவிட்டது. அடுத்த சோதனையில் ஊர்ப் பாலை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எங்கள் தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது.

இப்போது மூட்டைகளைத் தரையில் போடுவதில்லை. மரச்சட்டத்தில், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறோம். மழைக்காலத்தில் பத்து நாளுக்குமேல் இருப்பு வைப்பதில்லை. கொட்டிய பாலுக்கு நஷ்டஈடு கேட்டு, அறிக்கை நகலும் பில்லும் இணைத்து வியாபாரிமேல் மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை, விடப்போவதும் இல்லை.