வால் ஆட்டிய அம்புகள்: காம்பவுண்ட் வில்லில் கோளாறைத் தேடிய அனுபவம்

என் காம்பவுண்ட் வில்லில், அதாவது இரு முனைகளிலும் கேம் என்னும் சக்கரங்கள் உள்ள வில்லில், நாணும் அந்தச் சக்கரங்களை இணைக்கும் கேபிள்களும் தேய்ந்துவிட்டதால் கடையில் கொடுத்துப் புதிதாக மாற்றிக்கொண்டு, 50 மீட்டர் பயிற்சிக்காக வில்லின் இழுவிசையையும் 48 பவுண்டிலிருந்து 54 பவுண்டுக்கு ஏற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. பக்கத்தில் 18 மீட்டரில் எய்தால் அம்புகள் ஓரளவு சேர்ந்தே விழுந்தன. 50 மீட்டருக்குப் போனதும் ஒன்று நடுவிலுள்ள மஞ்சளில் நிற்கும், அடுத்தது வெளியிலுள்ள நீலத்துக்கு ஓடிவிடும். அந்தத் தூரத்தில் காம்பவுண்டுக்கு வைக்கும் 80 சென்டிமீட்டர் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான் என்பதால், அம்பு கிளம்பும்போதே கொஞ்சம் கோணலாகக் கிளம்பினால் அதைத் தாள் மறைத்துக் காட்டாது. பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு அம்பின் வால் பக்கவாட்டில் மீன் நீந்துவதுபோல் ஆடியது கண்ணுக்கே தெரிந்தது.

இரண்டு மாற்றங்கள் ஒரே வாரத்தில் நடந்திருந்ததால் குற்றம் எதன்மேல் என்று உடனே சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அம்பைத் தாங்கும் ரெஸ்டைக் கொஞ்சம் இடம் மாற்று, குறிபார்க்கும் சைட்டைக் கொஞ்சம் திருப்பு என்று மைதானத்தில் ஆளுக்கொரு யோசனை வரும். கோளாறு அம்பிலா, வில்லிலா, கையிலா என்று பிரித்துக்கொள்ளாமல் ஓர் ஆணியைக்கூடத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

அதனால் அம்புகளிலிருந்து தொடங்கினேன். ஒவ்வோர் அம்பிலும் எண் எழுதி, எந்த எண் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டே எய்தேன். ஒரே எண் திரும்பத் திரும்ப வெளியே போனால் அந்த அம்பில் வளைந்த நாக்கோ (நாணில் மாட்டும் அம்பின் வால்முனை) பிய்ந்த இறகோ இருக்கும். எனக்கோ ஒரு சுற்றில் உள்ளே நின்ற அம்பு அடுத்த சுற்றில் வெளியே போனது, ஆகவே தனி அம்பின் குறை அல்ல. ஆனாலும் கார்பன் தண்டுகள் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து லேசாக வளைத்து, முறுக்கிப் பார்த்தேன். நொறுங்கும் சத்தம் சிறிது கேட்டாலும் அந்த அம்பைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் விரிசல் விட்ட கார்பன் நாணிலிருந்து விடுபடும் நொடியில் சிதறினால் சிம்புகள் வில் பிடித்திருக்கும் கையில்தான் ஏறும். நாக்குகள் நாணில் அதிகம் இறுக்கமில்லாமல், லேசாகத் தட்டினால் கழன்றுவிடும் அளவில் இருந்தன.

அடுத்து வில்லின் அடிப்படை அளவுகள். வில்லின் வளையும் கைகளான லிம்ப்களை இறுக்கும் மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் ஒரே அளவு திருகப்பட்டிருந்தன. வில் மட்டத்தை வைத்துப் பார்த்தபோது அம்பு நாணுக்குச் செங்கோணத்தில், ரெஸ்டைப் பொருத்தும் துளையின் நடுவே போனது. முழுவதும் இழுத்து நான் நிற்க, நண்பர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்து, இரண்டு கேம்களிலும் உள்ள நிறுத்தக் கட்டைகள் ஒரே நேரத்தில் கேபிளைத் தொடுவதாகச் சொன்னார். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அம்பின் வால் மேலும் கீழும் ஆடும், எனக்கு ஆடியது பக்கவாட்டில் என்பதால் இதில் அதிக நேரம் செலவிடவில்லை.

பிறகு காகிதச் சோதனை. ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, அதன் பின்னால் டார்கெட்டை வைத்து, சுமார் 2 மீட்டர் தூரத்திலிருந்து காகிதத்தின் ஊடாக எய்ய வேண்டும். அம்பு நேராகப் போனால் முனை போட்ட துளையைச் சுற்றி மூன்று இறகுகளின் கீறலும் ஒழுங்காக விழும். கோணலாகப் போனால் முனையின் துளை ஓரிடத்திலும் இறகுகளின் கீறல் வேறிடத்திலும் விழ, இடையில் காகிதம் கிழிந்துவிடும். வால் எந்தப் பக்கம் போயிற்று என்பதைக் கிழிசல் அப்படியே காட்டிக்கொடுக்கும். என் முதல் கிழிசல் இடப்பக்கம் நீண்டது. அடுத்தது இடப்பக்க மேல்மூலைக்குப் போனது. அதற்கடுத்தது ஏறக்குறைய ஒழுங்கான துளை. மறுபடியும் இடப்பக்கம், இம்முறை இருமடங்கு நீளத்தில்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கிழிசல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே நீளத்தில் விழுந்தால் அது சீரமைப்பில் உள்ள குறை, ரெஸ்டையோ கேபிளையோ அம்பையோ மாற்றித் தீர்க்கலாம். கிழிசல் தன் இஷ்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: வில்லைப் பிடிக்கும் கை முறுக்குகிறது, அல்லது இறகு எதிலோ உரசுகிறது. இந்த இரண்டையும் நீக்காமல் ரெஸ்டை நகர்த்துவது வீண் வேலை, ஏனென்றால் எந்தக் கிழிசலைப் பார்த்து எவ்வளவு நகர்த்துவது?

கையைச் சோதிக்க எளிய வழி, வேறொருவரை எய்யச் சொல்வது. என் இழுப்பு நீளத்துக்கு ஏறக்குறைய ஒத்துவரும் இளைஞர் ஒருவர் எங்கள் மைதானத்தில் இருந்தார். அவர் பிடிமானம் நன்றாகத் தளர்ந்திருக்கும், விரல்கள் வில்லைச் சுற்றிக் கவ்வாது. வில்லை வாங்கிச் சில அம்புகளைக் காகிதத்தில் எய்துவிட்டு, "அண்ணா, எனக்கும் இதே மாதிரிதான் கிழியுது, உங்க கையில தப்பில்ல" என்றார். ஆக, மிஞ்சியது உரசல்.

உரசலைப் பிடிக்கப் பவுடரே போதும். பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரே கிடைத்தால் நல்லது, கிடைக்காததால் நான் சாதாரண டால்கம் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து, ரெஸ்டின் மேலும் அதை ஒட்டிய வில்லின் உட்பக்கத்திலும் அம்பின் இறகுகளிலும் தட்டிவிட்டேன். பின்னர் டார்கெட்டுக்கு மிக அருகில் நின்று ஓர் அம்பை எய்தேன். வெள்ளைப் பூச்சு படிந்திருந்த ரெஸ்டின் கவட்டையில், இடப்பக்கக் கொம்பின் உள்விளிம்பில், நெல்மணி அளவுக்குப் பவுடர் துடைக்கப்பட்டுக் கறுப்பு உலோகம் தெரிந்தது. அம்பை எடுத்துப் பார்த்தால் கீழ் இறகு ஒன்றின் பின்முனையில் அதற்கு இணையாக ஒரு கோடு. மறுபடியும் பவுடர் போட்டு எய்தபோது கோடு சற்றுத் தள்ளி விழுந்தது, கிழிசல் ஏன் மாறிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது புரிந்தது.

என் ரெஸ்ட், அம்பு கிளம்பியதும் கீழே விழுந்துவிடும் வகை. கீழிறங்கும் கேபிளில் ஒரு மெல்லிய கயிறு கட்டியிருக்கும். நாணை இழுக்கும்போது கேபிள் இறங்க, கயிறு இழுபட்டுக் கவட்டை எழுந்து அம்பைத் தாங்கும். நாண் விடுபட்டதும் கயிறு தளர்ந்து கவட்டை விழ, இறகுகள் தடையில்லாமல் கடந்துபோகும். முழு இழுப்பை எட்டக் கடைசி அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் மிச்சமிருக்கும்போது கவட்டை மேலே வந்து நிற்பதுதான் பொதுவான கணக்கு. என் வில்லிலோ நாணைப் பாதி இழுத்தபோதே கவட்டை நிமிர்ந்துவிட்டது. புதிய கேபிளில் கயிற்றைக் கட்டியவர் மிகவும் இறுக்கிக் கட்டியிருக்கிறார். சீக்கிரம் எழுவது தாமதமாகத்தான் விழும், ஆகவே இறகுகள் வந்து சேரும்போதும் கவட்டை வழியிலேயே நின்றது. செல்போனின் ஸ்லோ மோஷனில் இதைப் பிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நொடிக்கு சுமார் 80 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு வில்லை விட்டுப் போவதற்குள் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் வீடியோவில் மூன்று, நான்கு படங்கள்தான் தேறும். பவுடர் காட்டியதை அது காட்டவில்லை.

கயிற்றின் முடிச்சைத் தளர்த்தி, கேபிளில் சிறிது சிறிதாக நகர்த்தி, மெல்ல இழுத்து நண்பரைக் கவட்டையைப் பார்க்கச் சொல்லிச் சரிசெய்தோம். இதற்கு, வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பிரஸ் என்ற கருவி தேவைப்படவில்லை. 2023-இல் பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவதலேயும் தனிநபர் தங்கம் வென்ற பிறகு எங்கள் மைதானத்திலேயே காம்பவுண்ட் வாங்கியவர்கள் கூடிவிட்டார்கள், ஆனால் பிரஸ் வைத்திருப்பவர் ஒருவர்தான். நாணையோ கேபிளையோ கழற்றும் வேலை எதுவானாலும் அதில் வைத்துத்தான் செய்ய வேண்டும், கையால் முயல்வது விபரீதம்.

உரசல் நின்றதும் கிழிசல் ஒரே நிலையில் நின்றது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கம், சுமார் ஓர் அங்குலம். அது எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. நாணை விடுவிக்கும் ரிலீஸ் என்ற கருவி வைத்து எய்யும் வலக்கைக்காரருக்கு, உரசல் இல்லாத நிலையில் இப்படி நிலையாக விழும் இடப்பக்கக் கிழிசல் பெரும்பாலும் அம்பு இழுவிசைக்குத் தகுந்த விறைப்பில் இல்லை என்பதைக் காட்டும். அம்புத் தண்டின் ஸ்பைன் எண், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு. 500 என்றால் அரை அங்குலம், 400 என்றால் 0.4 அங்குலம். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். என் 500 தண்டுகள் 48 பவுண்டுக்குப் பொருத்தமாக இருந்தன, 54 பவுண்டு தள்ளும்போது அளவுக்கு மீறி வளைந்தன.

தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும், ஆனால் என் அம்புகள் ஏற்கெனவே ரெஸ்டுக்குச் சற்று முன்னால்தான் முடிந்தன, வெட்ட இடமில்லை. முனையின் எடையைக் குறைப்பது மற்றொரு வழி. என் முனைகள் பின்பகுதியை முறித்து எடையைக் குறைக்கக்கூடியவை என்பதால், ஓர் அம்பின் முனையை மட்டும் வெந்நீரில் வைத்துப் பசையை இளக்கிக் கழற்றி, 120 கிரெயின் எடையை 100 கிரெயினாக்கிப் பார்த்தேன். கிழிசல் பாதியாகியது. நோய் அதுதான் என்று உறுதிப்பட்டதால் மீதி முனைகளை முறிக்காமல் 400 தண்டுகளை வாங்கினேன். இழுவிசையை மறுபடியும் இறக்கியிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும், உலகப் போட்டி விதியின் 60 பவுண்டு உச்சவரம்புக்கு நான் இன்னும் கீழேதான் இருக்கிறேன் என்பதால் இறக்க மனம் வரவில்லை.

புதிய தண்டுகளில் மிஞ்சிய மிகச் சிறிய இடப்பக்கக் கிழிசலுக்குத்தான் ரெஸ்டை அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினேன். அதன்பின் இறகில்லாத அம்பு ஒன்றையும் இறகுள்ளவற்றையும் 20 மீட்டரில் சேர்த்து எய்து பார்த்தேன். இறகு இருந்தால் அது பிழையைப் பறக்கும்போதே திருத்திவிடும், இறகில்லாத அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டும் ஒரே கூட்டத்தில் விழுந்தன. கடைசியாக டார்கெட்டில் செங்குத்தாக ஒரு டேப்பை ஒட்டி, 20 மீட்டருக்கு வைத்த சைட்டை மாற்றாமலேயே 30, 40 என்று பின்னால் நகர்ந்து, டேப்பின் உச்சியையே குறிவைத்து எய்தேன். தூரம் கூடக்கூட அம்புகள் கீழே இறங்கின, பக்கவாட்டில் விலகவில்லை.

50 மீட்டரில் இப்போது வெளியே போகும் அம்புகள் காற்றுக்கும் என் பதற்றத்துக்கும் உரியவை. ரெஸ்ட் கயிறு கேபிளைத் தொடும் இடத்தில் வெள்ளிப் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், கயிறு நழுவினால் இழுத்துப் பார்க்காமலே தெரிந்துவிடும். பழைய 500 தண்டுகள் என் வில்லைச் சோதித்த அந்த இளைஞரிடம் போயின. அவருடைய வில் 46 பவுண்டு, காகிதத்தில் அவை ஒழுங்கான துளை போடுகின்றன.