பிரான்சில் பிள்ளைகளோடு கூடாரம்: சத்தமில்லாத கேம்ப்சைட்டைத் தேடிப் பிடிக்கும் வழி

கேம்ப்சைட் தேடும்போது முதலில் கண்ணில் படுவது நட்சத்திரம். அமைதிதான் வேண்டும் என்றால் அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பிரான்சில் 1 முதல் 5 வரை தரப்படும் நட்சத்திரங்கள் வசதிகளையும் சேவைகளையும் கணக்கிட்டு, 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுபவை. இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து மேடையில் கரோக்கே ஓடுமா என்பதை அவை சொல்லாது. சொல்லப்போனால், நட்சத்திரம் ஏற ஏற சறுக்குக் குளம், மேடை, சிறுவர் டிஸ்கோ எல்லாம் கூடவே ஏறும். கடற்கரையோரத்து ஐந்து நட்சத்திரத் தளத்தில் இடம் பிடித்துவிட்டு ‘தூங்க முடியவில்லை’ என்று எழுதுகிறவர்கள் கல்யாண மண்டபத்தில் படுத்துக்கொண்டு மேளச் சத்தத்தைக் குறை சொல்பவர்கள் மாதிரிதான்.

நாங்கள் தேடலைத் தொடங்குவது தளத்தின் வகையிலிருந்து. ‘ஏர் நத்துரேல்’, அதாவது இயற்கை முகாம், என்று போட்டிருந்தால் கூடாரம் போட அதிகபட்சம் 30 இடங்கள்தான், மொபைல் ஹோம் எனப்படும் நகர்த்தக்கூடிய சிறு வீடுகளை வைக்க அனுமதி கிடையாது. பண்ணை முகாம்கள் இன்னும் சிறியவை. ஊராட்சிக்கு அறிவித்துவிட்டு நடத்தும் சிறு முகாம் என்றால் 6 கூடாரம் அல்லது 20 பேர் என்பதே எல்லை. இரண்டும் அமைதியானவை. ஆனால் கழிப்பறை ஒன்றிரண்டுதான், சலவை இயந்திரம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. டயப்பர் வயதுக் குழந்தையோடு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊராட்சியே நடத்தும் ‘முனிசிப்பால்’ தளங்கள் மலிவானவை, பல ஊர்களில் ஆற்றங்கரையில் இருப்பவை. அவற்றில் ஒரு சிக்கல்: பக்கத்திலேயே ஊர் விளையாட்டு மைதானமும் விழாத் திடலும் இருக்கும். 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எங்கள் தேர்வு, 50 முதல் 100 இடங்கள் உள்ள, குடும்பமே நடத்தும் மூன்று நட்சத்திரத் தளம். சின்ன நீச்சல் குளம் ஒன்று இருக்க வேண்டும், சறுக்கு இருக்கக்கூடாது.

பட்டியல் நான்கைந்தாகச் சுருங்கியதும் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறக்க வேண்டும். அரை மணி நேரம் செலவழித்தால் போதும், பத்து நாள் தூக்கம் மிஞ்சும். முதலில் வெள்ளைச் செவ்வகங்களை எண்ணுங்கள். அவைதான் மொபைல் ஹோம்கள். தளத்தில் பாதிக்கு மேல் அவை வரிசை கட்டி நின்றால் சனிக்கிழமைதோறும் ஆட்கள் மாறுவார்கள், முதல் இரவுக் கொண்டாட்டமும் வாரந்தோறும் நடக்கும். அடுத்து ரயில் பாதை. பயணிகள் ரயில் நேர அட்டவணையைப் பார்த்து ‘இரவில் வண்டி இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் சரக்கு ரயில் அந்த அட்டவணையில் வராது. ரோன் பள்ளத்தாக்கில் ஆற்றின் இரு கரையிலும் தண்டவாளம் உண்டு. வலக்கரைப் பாதையில் பெரும்பாலும் ஓடுவது சரக்கு வண்டிதான். ஜெர்மனியில் கோப்ளென்ஸுக்கும் பிங்கெனுக்கும் இடைப்பட்ட ரைன் பள்ளத்தாக்கும் அப்படியே: கோட்டைகளும் திராட்சைத் தோட்டமும் படத்தில் அழகாகத் தெரியும், இரவு முழுவதும் இரு கரையிலும் சரக்கு வண்டி இரும்புச் சத்தத்தோடு போகும். ஒரு கிலோமீட்டருக்குள் தண்டவாளம் தெரிந்தால் நாங்கள் அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்து அப்போதே அடித்துவிடுவோம்.

பிறகு சாலை, பார், தேவாலயம். பிரான்சின் பல கிராமங்களில் தேவாலய மணி இரவிலும் மணிக்கொரு தரம் அடிக்கும். சில ஊர்களில் கேட்காதவர்களுக்காக இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடிக்கும். பழகினால் இனிமை, பழகும்வரை கைக்குழந்தை எழுந்துகொண்டே இருக்கும். குளம் குட்டை பக்கத்தில் இருந்தால் மே, ஜூன் மாதங்களில் தவளைக் கச்சேரி உண்டு. அதை மட்டும் நாங்கள் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. காற்றைச் சேர்க்க வேண்டும். ரோன் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் மிஸ்ட்ரால் என்ற பலத்த வடகாற்று வீசத் தொடங்கினால் கூடாரத் துணி இரவெல்லாம் படபடக்கும், எவ்வளவு அமைதியான தளமானாலும் தூக்கம் போச்சு. அங்கே போவதானால் வடக்குப் பக்கம் அடர்ந்த வேலியோ கட்டடமோ உள்ள இடமாகக் கேளுங்கள்.

ஆற்றங்கரைத் தளம் என்றால் இன்னொரு சோதனை உண்டு, இதில் சமரசமே கூடாது. 1987 ஜூலை 14 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள ல கிராண்ட் போர்னான் ஊரின் முகாமைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்று 23 பேர் இறந்தார்கள். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பியெஸ்காஸில் 87 பேர். இரண்டுமே கோடை விடுமுறைக் காலம், இரண்டுமே மலையடிவார ஓடை. ஜியோரிஸ்க் என்ற பிரெஞ்சு அரசு இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் அந்த இடத்துக்கு வெள்ளம், காட்டுத்தீ, நிலச்சரிவு அபாயம் உண்டா என்று காட்டும். பெரிய ஆறுகளின் நீர்மட்ட எச்சரிக்கைக்கு விஜிக்ரூ இணையதளம் இருக்கிறது. சிறு ஓடைகள் பல அதில் வராது என்பதால், ஓடை பக்கத்தில் இருந்தால் மேட்டுப்பகுதி இடத்தையே கேட்டு வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் வெளியேறும் வழிக்கான பலகை காட்டும் பாதையில் ஒருமுறை பிள்ளைகளோடு நடந்து பார்த்துவிடுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும் முறையும் கொஞ்சம் வேறு. ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியும் ஒரு நட்சத்திரக் கோபமும் உதவாது. இரண்டும் மூன்றும் தந்தவர்கள்தான் விவரம் சொல்வார்கள். அதிலும் ஜூலை, ஆகஸ்டில் எழுதியவை மட்டும். மே மாதத்தில் எந்தத் தளம்தான் அமைதியாக இல்லை? சத்தத்தைக் குறிக்கும் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ‘இரவில் ஒன்றுமே இல்லை, என் பதினாறு வயது மகனுக்குப் போரடித்துவிட்டது’ என்று யாராவது புலம்பியிருந்தால் அந்தத் தளத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

தேதியில் கொஞ்சம் வளைந்து கொடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டி ஊருக்கு ஊர் வாணவேடிக்கையும் நடனமும் உண்டு. ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் ஒரே சாலையில் மோதுவார்கள். பிஸோன் ஃப்யூத்தே என்ற அரசின் போக்குவரத்து நாள்காட்டியில் அந்த நாட்கள் சிவப்பிலோ கறுப்பிலோ இருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளிகள் திறப்பதால் ஆகஸ்ட் 20க்குப் பிறகு தளங்கள் மளமளவென்று காலியாகும். இங்கிலாந்திலிருந்து போகும் குடும்பங்களுக்கு அது பொற்காலம். ஒரே குறை, அப்போது சில தளங்களில் ரொட்டிக் கடையையும் சிறுவர் நிகழ்ச்சிகளையும் மூடிவிடுவார்கள். எந்தத் தேதிவரை எது திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதைத் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். நாங்கள் எழுதுவது ஏறக்குறைய இப்படி: “இரண்டு பெரியவர்கள், 5 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள், 6 மீட்டர் நீளக் கூடாரம், ஒரு கார். இசை நிகழ்ச்சி வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை மணிவரை? இரவில் கார் நுழையாதபடி எத்தனை மணிக்குத் தடுப்பை மூடுவீர்கள்? முட்டுச்சந்துப் பாதையில், குளத்துக்கும் மேடைக்கும் தள்ளி ஓர் இடம் வேண்டும். இடத்தின் எண்ணை உறுதிப்படுத்துவீர்களா?” தளத்தின் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று எண்களைக் குறிப்பிட்டால் இன்னும் நல்லது. குளியலறைக் கட்டடம் 50 முதல் 80 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். அதை ஒட்டியே வேண்டாம், கதவு அடிக்கும் சத்தமும் விளக்கும் விடியும்வரை இருக்கும். கண்ணாடிப் புட்டிகள் போடும் தொட்டியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். காலை ஏழு மணிக்கு முந்தைய இரவின் ஒயின் புட்டிகள் எல்லாம் அதில்தான் விழும்.

முன்பணம் அனுப்புமுன் ரசீதில் உள்ள சொல்லைப் பாருங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு வகை உண்டு. ‘ஆர்’ என்று உச்சரிக்கப்படும் வகையானால், நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் மட்டும் போகும். அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ‘அகோந்த்’ என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று, முழுத் தொகையையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சுற்றுலா வரி 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. பில்லில் நான்கு பேருக்கும் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்பதும் சமையலும் ஒன்றோடொன்று பின்னியவை. 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். 700 வாட் ரைஸ் குக்கரும் சின்னக் குளிர்பெட்டியும் ஓடும். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போகும், பெட்டியின் சாவி வரவேற்பில் இருக்கும், அவர்கள் இரவு ஏழு மணிக்குப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இன்டக்ஷன் அடுப்பு வேண்டுமென்றால் 10 ஆம்பியர் கேளுங்கள். 25 மீட்டர் நீள, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியுள்ள கேபிள் எடுத்துப்போய், உருளையிலிருந்து முழுவதையும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடி விட்டால் சூடேறி உருகும். நீலநிற மூன்று முனை பிளக்கோடு, பிரெஞ்சு வீட்டு சாக்கெட்டுக்கான அடாப்டரும் இருக்கட்டும். பழைய தளங்களில் அது தேவைப்படும். தெற்கே போனால் கரி அடுப்பு கோடையில் பெரும்பாலும் தடை, காட்டுத்தீ பயம்.

பையன்களுக்கு உடம்போடு ஒட்டிய நீச்சல் கால்சட்டை வேண்டும். தொளதொள அரைக்கால்சட்டையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். பல தளங்களின் குளத்தில் உயிர்காப்பாளரும் இருக்கமாட்டார்.

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை வரவேற்பு மூடியிருப்பது சகஜம். ஜெர்மனியில் பல தளங்களில் ஒன்றிலிருந்து மூன்றுவரை மதிய அமைதி, தடுப்பைக்கூடத் தூக்கமாட்டார்கள். மூன்று மணிக்குப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். சேர்ந்ததும் கூடாரத்தை இறக்காமல் கொடுத்த இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்து இடத்தில் நான்கு சிறு கூடாரமும் ஒரு பெரிய ஸ்பீக்கரும் இருந்தால், கொக்கி அடிக்குமுன் திரும்பிப் போய் வேறு எண் கேட்கலாம். அப்போது மாற்றித் தருவது அவர்களுக்கும் சுலபம். இரவில்தான் தெரியவந்தது என்றால், காலை ஒன்பது மணிக்கே வரவேற்பில் நில்லுங்கள். அன்று கிளம்புகிறவர்களின் இடங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் காலியாகும். முதலில் கேட்பவருக்குத்தான் நிழல் உள்ள மூலை கிடைக்கும்.