இடப்பக்கத்து மூச்சு

மார்ச் 4

பக்கவாதம் வந்தால் கை போகும், கால் போகும், வாய் கோணும். எல்லோரையும் போல எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நெஞ்சுக்கூடும் அந்தப் பட்டியலில் உண்டு என்பது இன்றைய செய்தி.

பிசியோதெரபிஸ்ட் என் விலாவின் இருபக்கமும் உள்ளங்கையை வைத்து, "நல்லா ஆழமா இழுங்க சார்" என்றார். வலப்பக்கம் இருந்த கை வெளியே நகர்ந்தது. இடப்பக்கத்துக் கை அசையவே இல்லை என்று சொல்லலாம். எதிரே இருந்த கண்ணாடியில் நானே பார்த்தேன்.

"எனக்கு மூச்சுத் திணறலே கிடையாதே?"

"சும்மா இருக்கும்போது திணறாது சார். அதை நடத்துற ஆள் வேற."

அவர் விளக்கியது இது. தூங்கும்போதும் யோசிக்காமல் இருக்கும்போதும் மூச்சை நடத்துவது மூளைத்தண்டிலுள்ள முகுளம். நாமாக நினைத்து இழுக்கிற மூச்சுக்கு மட்டும் உத்தரவு பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து, கைகாலுக்குப் போகும் உத்தரவோடு சேர்ந்தே இறங்குகிறது. எனக்கு அடிபட்டது அந்தப் பாதை. உதரவிதானம், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள், வயிற்றுத் தசைகள் எல்லாவற்றிலும் இடப்பாதி சோம்பிவிட்டது.

மார்ச் 6

இன்று முழுக்க இருமல் பாடம். தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது. புரையேறுவதைவிட, ஏறியதை வெளியே தள்ள முடியாததுதான் ஆபத்தாம். வலுவாக இருமுவதற்கு முதலில் நிறையக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பிறகு வயிற்றுத் தசை அதை எக்கித் தள்ள வேண்டும். இரண்டுமே எனக்குப் பாதிதான். என் இருமல், யாரையோ கூப்பிடத் தயங்கித் தொண்டையைச் செருமுவது போல இருக்கிறது. நுரையீரலுக்குள் போனது அங்கேயே தங்கினால் நிமோனியா. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களை அதற்குப் பிறகு கொண்டுபோகும் காரணங்களில் அது முக்கியமானது.

விழுங்கும் நொடியில் மூச்சு தானாக நிற்கும், விழுங்கி முடிந்ததும் பெரும்பாலும் வெளிமூச்சுதான் வரும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு இந்த ஒழுங்கு கலைந்து, விழுங்கிய கையோடு உள்மூச்சு வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் முதலில் மூச்சை விட வேண்டும் என்பது எனக்குச் சட்டம். மனைவி எதிரே உட்கார்ந்து, "விடுங்க, விடுங்க" என்கிறாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் சொல்லை நான் இவ்வளவு உடனுக்குடன் கேட்டதில்லை.

மார்ச் 11

மூச்சுத் தசைக்குப் பயிற்சி தரும் கருவி வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் குழாய், உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்தோடு இழுத்தால்தான் வால்வு திறக்கும், வெளியே விடுவது சுலபம். முதலில் ஒரு மீட்டரில் என் முழுப்பலத்தோடு இழுக்கச் சொல்லி அளந்தார்கள். அந்த அளவில் 30 சதவீதத்தில் ஸ்பிரிங்கை வைத்துத் தொடங்குகிறார்கள். பலம் கூடக் கூட அதையும் இறுக்குவார்களாம்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பந்துகள் விநாடிக்கு 600, 900, 1200 மில்லிலிட்டர் என்று காற்றின் வேகத்தைக் காட்டும். நுரையீரலை விரித்துவைக்க நல்லது, ஆனால் எதிர்த்து நிற்கும் சுமை அதில் பெரிதாக இல்லை. தசைக்கு வலுவேற்றுவது வால்வுக் கருவியின் வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு தொல்லை: உதட்டின் இடக்கோடியில் பிடிப்பு இல்லாததால் காற்று அங்கே ஒழுகுகிறது. வலது கையின் இரண்டு விரலால் உதட்டைக் குழாயோடு அழுத்திப் பிடிக்கிறேன். குழாயை மகள் பிடிக்கிறாள். மூக்குக்குக் கிளிப். மூன்றாவது கை ஒன்று இருந்தால் வசதி.

மார்ச் 15

என்னோடு பயிற்சிக்கு வருபவர் ஆர்வக் கோளாறில் வேகவேகமாக இழுத்து விட்டார். தலை சுற்றி, உதட்டைச் சுற்றி மதமதப்பு. தெரபிஸ்ட் ஓடிவந்து நிறுத்தினார். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தம் போகாமல் அடிபட்ட மூளைக்குப் போகிற ரத்தத்தையும் குறைப்பது நமக்கு வேண்டாத வேலை. மூச்சை இழுத்துக் கட்டி நிறுத்துவதும் எங்களுக்கு இல்லை, ரத்த அழுத்தம் எகிறும். நாற்காலியிலிருந்து எழும்போதும் அதே விதிதான்: எழும் கணத்தில் மூச்சு வெளியே போக வேண்டும்.

மார்ச் 19

காலையில் வீடே அல்லோலகல்லோலம். படுத்தபடி ஒரு பெரிய கொட்டாவி விட்டேன். செத்துக் கிடந்த இடக்கை முழங்கையில் மடங்கி, மெதுவாக மார்பு வரை எழுந்தது. "என்னங்க! கை!" என்று மனைவி கத்தியதில்தான் நானே பார்த்தேன். கொட்டாவி முடிந்தது, கையும் இறங்கிவிட்டது. பிறகு நான் எவ்வளவு முக்கியும் விரல்நுனிகூட அசையவில்லை. மகள் வீடியோ எடுக்கத் தயாராகப் போனை வைத்துக்கொண்டு, "அப்பா, இன்னொன்னு விடுங்கப்பா" என்கிறாள். கேட்டால் கொட்டாவி வருமா?

தெரபிஸ்ட் சிரித்தார். மருத்துவர்கள் ரொம்ப காலமாக அறிந்த விஷயமாம், 2005-இல் அதற்கு லத்தீனில் நீளமாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கொட்டாவி மூளைத்தண்டின் ஆழத்திலிருந்து கிளம்பும் பழைய அனிச்சைச் செயல். மேலேயிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்த நிலையில், அந்தப் பெருமூச்சின் தூண்டுதல் கைக்கும் கசிந்துவிடுகிறது. குணமாவதன் அறிகுறி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். மனைவியின் முகம் வாடியது. எனக்கு அப்படி இல்லை. தசை, நரம்பு, மூட்டு எல்லாம் அங்கே சரியாக இருக்கிறது, என் உத்தரவு மட்டும்தான் போய்ச் சேரவில்லை என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது.

மார்ச் 27

பேச்சுப் பயிற்சியாளர் 'ஆ' என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பார்த்தார். முன்னைவிட நீளம். மூச்சு போதாமல்தான் இதுவரை வாக்கியத்தின் வால் காற்றாகவே போய்க்கொண்டிருந்தது. மூச்சு இருக்கும்போதே நிறுத்தி, இழுத்து, அடுத்த துண்டைச் சொல்லப் பழக்குகிறார். தம்பி போனில், "அண்ணே, இன்னிக்கு நீங்க பேசறது புரியுது" என்றான். இதுவரை புரிந்தது போல 'ம்' கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான், படவா.

ஏப்ரல் 9

மறுபடி அளந்தார்கள். உள்ளிழுக்கும் அழுத்தம் கூடியிருக்கிறது. இருமல் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது. உட்கார்ந்தால் உடல் இடப்பக்கம் சாய்வதும் குறைந்திருக்கிறது. மூச்சின் தசைகள்தான் முதுகுத்தண்டை நிமிர்த்திப் பிடிக்கவும் உதவுகின்றன என்பதால், தெரபிஸ்ட் இதில் ஆச்சரியப்படவில்லை. கை அப்படியே இருக்கிறது.

மூச்சுப் பயிற்சியாலேயே வாதம் முழுக்கப் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது அனுப்புகிறார்கள். அனுப்புபவர்களின் மனசு நல்லதுதான், செய்திதான் தவறு. இந்தப் பயிற்சியால் மூச்சுத் தசை வலுவடைகிறது என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை இல்லை. நடை மேம்படுமா என்று கேட்டால் பதில்கள் ஒத்துப்போவதில்லை. கைக்கு வேண்டியது கைக்கான பயிற்சிதான், அதற்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். எனக்குக் கிடைத்திருப்பது இருமல், குரல், நிமிர்ந்து உட்காருதல். இவற்றை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பயிற்சியை நிறுத்தினால் வந்த பலமும் மெல்லப் போய்விடும் என்பதால், வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கு தொடர்கிறது. நாளையிலிருந்து ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறார்கள்.