சித்திரை முழுநிலவுக்கு வந்தவர்கள்

ஏப்ரல் 14, 2025, திங்கள்

விடியுமுன்பே எழுந்து கனி கண்டோம். எங்கள் குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கம் சித்திரை ஒன்றாம் தேதி என்றால் கனிதான். உருளியில் அரிசி, வெள்ளரி, சக்கை என்கிற பலா, ஒரு சீப்பு மட்டிப்பழம், பின்னால் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே கொன்றைப்பூ. அம்மா எல்லோருக்கும் கைநீட்டக் காசு கொடுத்தாள்.

பத்து மணிக்கு மதுரையிலிருந்து அக்கா பேசினாள். மே மாதம் பிள்ளைகளோடு வருகிறார்களாம். "ஒரே நாள்ல கன்னியாகுமரியைப் பார்த்துட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிடலாம்ல?" என்றாள். எனக்கு வருத்தமாகிவிட்டது. வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். சூரிய உதயம், படகு, சங்குக் கடை, அப்புறம் ரயில். மேற்கே இத்தனை நீளக் கரை கிடக்கிறது, அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நாலு நாள் கொடு, மே 12 சித்ரா பௌர்ணமி, அதை நடுவில் வைத்துக்கொண்டு வா என்றேன்.

மே 10, சனி

நேற்று இரவு வந்தார்கள். இன்று பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை, அதனால்தான் முதல் நாளே வைத்தேன். வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்கே வாசலில் நின்றோம்.

1601 வாக்கில் கட்டத் தொடங்கி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இப்போதைய வடிவம் பெற்ற மாளிகை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், பிள்ளைகள் காதில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும்தான் சின்னவள் நின்றாள். "சித்தி, தரை ஜில்லுனு இருக்கு!" சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்வார்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அவள் குனிந்து, தரையில் கன்னம் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். ஜன்னலில் பதித்த மைக்காவின் நிறம் தரைக்குள் மங்கலாகக் கிடந்தது. நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடம் வந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஊட்டுப்புரை இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய்ப் பரணிகளைப் பார்த்து அக்கா அசந்துபோனாள், சின்னவள் உயரம் இருக்கும்.

பெரியவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இது தமிழ்நாடுதானே, பிறகு ஏன் கேரள அரசு நடத்துது?" 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனையைப் பராமரிப்பது மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது என்று சொன்னேன். எங்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மரவேலையை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

மாலையில் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. இங்கேதான் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிடித்த மன்னருக்கே படைத்தலைவராகி, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கி, 1777இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கூரை போன சிறு தேவாலயத்துக்குள் கல்லறை. கல்லில் லத்தீன் எழுத்து, கூடவே தமிழ் எழுத்து. பெரியவன் மண்டியிட்டு, தமிழ் எழுத்துகளின் குழியில் விரலை ஓட்டி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். அத்தான் கிளம்பலாம் என்றார். "அப்பா, இருங்க" என்றான்.

மே 11, ஞாயிறு

களியக்காவிளையைத் தாண்டி, பூவாறு வழியாக விழிஞ்ஞம். துறைமுகம் இந்த மாதம் 2ஆம் தேதிதான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தூரத்திலிருந்தே பெரிய பளுதூக்கிகள் தெரிந்தன.

நான் கூட்டிப்போனது அங்குள்ள குடைவரைக்கு. ஒரே பாறையில் குடைந்த சின்னஞ்சிறு கோயில், எட்டாம் நூற்றாண்டு. வாசலின் இரண்டு பக்கமும் செதுக்கி முடிக்காத உருவங்கள் நிற்கின்றன. உளி பாதியில் நின்ற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய் மன்னர்களின் துறைமுகம் இந்த ஊர். சங்கப் பாட்டில் வரும் ஆய் குலம்தான். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று இதைத் தள்ளிவிட்டு நேரே கோவளத்துக்குப் போகிறார்கள். எனக்கு இது கோவளத்தைவிடப் பெரிது.

கோவளத்துக்கும் போனோம். பெரியவன் கடலில் இறங்கக் கேட்டான். நான் முட்டளவு தண்ணீருக்கு மேல் விடவில்லை. சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். போன வருடம் மே மாதம் எங்கள் மாவட்டத்துக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோயிற்று. அதை அவனிடம் சொன்னேன். பிறகு அவன் கேட்கவில்லை. கோடைக்கு வருகிறவர்கள் கடல் எச்சரிக்கையைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

மே 12, திங்கள்

காலையில் படகு. வரிசை நீளம்தான், சீக்கிரம் போனதால் தப்பித்தோம். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. சின்னவள் கீழே பார்க்காமல் நடந்தாள், பெரியவன் கீழே மட்டும் பார்த்தான்.

மதியத்துக்கு மேல் வட்டக்கோட்டை. கடலுக்குள் காலை நீட்டி நிற்கிற கருங்கல் கோட்டை, இதைப் பலப்படுத்தியதும் அதே வலிய கப்பித்தான். "அந்தக் கல்லறைக்காரரா?" என்று பெரியவன் மதிலைத் தட்டிப் பார்த்தான். வழியில் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்கே குளச்சலுக்கு அது ஜூன் 1இல்தான் தொடங்கும். ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் படகு கரையில், மறுபக்கம் கடலில்.

மாலை ஐந்தரைக்கு முக்கடல் கரையில் நல்ல கூட்டம். ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுகிறது, நடுக்கடலில் இறங்காது, மேற்குக் கரையோரமாகப் போய்த்தான் மறையும். அதைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது. எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளைகளைக் கிழக்கே திருப்பினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கடலுக்குச் சற்று மேலே, வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு துண்டு. மேகம் என்றார் அத்தான். "மேகம் இல்லப்பா, உருண்டையா இருக்கு" என்றாள் சின்னவள். வலது பக்கம் சிவந்த சூரியன் இன்னும் போகவில்லை, இடது பக்கம் நிலா ஏறிவிட்டது. அக்கா இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

மே 13, செவ்வாய்

குளச்சல். போர் வெற்றித் தூண், கரையில் கரைமடி வலை இழுப்பு. கயிற்றைப் பிடிக்கப் பெரியவனையும் சேர்த்துக்கொண்டார்கள், உள்ளங்கை சிவந்துவிட்டது. மடியில் விழுந்தது கொஞ்சம் சாளையும் நெத்திலியும்தான். மதியம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் அந்த சாளைக் கறியும். சாயங்காலம் ரயிலேற்றிவிட்டேன்.

மே 24, சனி

மழை பிடித்துக்கொண்டது. கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள், வழக்கமான ஜூன் 1க்கு எட்டு நாள் முன்னதாக. இனிமேல் வருகிறவர்கள் படகை நம்பி வர வேண்டாம், கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். அரண்மனைக்கும் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்கும் போகலாம். மழையில் நனைந்த சிதறால் பாறையும், அதில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களும் எனக்குக் கோடையைவிடப் பிடிக்கும். ஜூன் 9 வைகாசி விசாகம், கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அக்காவை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

மனசே சரியில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ஒரு சரக்குக் கப்பல் 25ஆம் தேதி கடலில் மூழ்கிவிட்டது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை எங்கள் கரைவரை வந்துவிட்டது. இன்று போய்ப் பார்த்தேன். பயறைவிடச் சின்னது, வெள்ளை, அலை விட்டுப்போன கோட்டில் மணலோடு மணலாக. ஒரு பிடி மண்ணை அள்ளி எண்ணினேன், இருபத்தேழு. ஆட்கள் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இரவு பெரியவன் பேசினான். கரைமடி இழுத்த இடத்திலும் கிடக்கிறதா என்று கேட்டான். தெரியவில்லை, நாளைக் காலையில் குளச்சல் போகிறேன் மக்களே என்றேன். அம்மாவின் மாவு சலிக்கும் அரிப்பை இப்போதே எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன்.